பள்ளிக்கூடத்துச் சோறும் ஊரின் கையும்

மானாமதுரைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. காலை ஐந்தேமுக்காலுக்கே சமையலறை ஜன்னலில் வெளிச்சம். உள்ளே இரண்டு பெண்கள். ஒருவர் கேரட் நறுக்கிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் ரவையை நிறுத்துக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை, அதனால் உப்புமாவும் காய்கறிச் சாம்பாரும். பிள்ளைகள் முப்பத்தோரு பேர். தலைக்கு 50 கிராம் வீதம் ரவை ஒரு கிலோ 550 கிராம், 15 கிராம் வீதம் பருப்பு 465 கிராம். பருப்பை ஒவ்வொரு மணியாகச் சேர்த்து எடை பார்த்துக்கொண்டிருந்தவரிடம், “அரைக் கிலோவா போட்டா என்னக்கா?” என்று கேட்டேன். “போடலாம் சார். மாசக் கடைசியில வந்து நீங்க ஈடு கட்டிருங்க” என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏழரைக்குள் சமையல் முடிந்துவிட்டது. தலைமையாசிரியை வந்து ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். பள்ளி மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த ஒரு தாய் இன்னொரு கரண்டி. பதிவேட்டில் இருவரும் கையெழுத்து போட்டார்கள். செயலியில் விவரம் ஏற்ற வேண்டும். சமையலறைக்குள் சிக்னல் வராது. வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் அந்த அக்கா. எட்டேகாலுக்குத் தட்டுகள் வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டையில் தொடக்கம், முதல் கட்டமாக 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும். 2024இல் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு, 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு. இதெல்லாம் விளம்பரப் பலகையிலேயே இருக்கிறது. பலகையில் இல்லாத ஒரு விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிராமத்தில் சமைக்க வருபவர் அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவராக இருக்க வேண்டும், பத்தாவது வரை படித்திருக்க வேண்டும், கையில் ஸ்மார்ட்போன் வேண்டும். அதோடு, அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். சாம்பாரில் பருப்பு குறைந்தால் முதலில் குறைவது அவர் பிள்ளையின் தட்டில்தான். இதைவிட நல்ல தரக்கட்டுப்பாட்டை எந்த ஆய்வுக்கூடத்தாலும் தர முடியாது.

மாணவர் உடல்நலம் என்றதும் நம் மனத்தில் வருவது மருத்துவ முகாம், விழிப்புணர்வுப் பேரணி, கைகழுவும் தினம், சுவரொட்டி. பேரணியில் பதாகை பிடித்த பிள்ளைக்கு வெயில்பட்டுத் தலைவலி வந்ததுதான் மிச்சம் என்று ஒரு டீச்சர் என்னிடம் சொன்னதுண்டு. திட்டத்தின் பெயர் எதுவானாலும், அது பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறதா என்பது அதைக் கொண்டுவந்து கொடுக்கும் கை யாருடையது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டுப் பள்ளி உணவுக்கு நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அது முழுக்க இந்தக் கையைப் பற்றிய கதைதான்.

1920இல் சென்னை மாநகராட்சியில் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையிலான மன்றம், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. இன்னும் சில பள்ளிகளுக்குப் பரவிய அந்த ஏற்பாடு, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொன்னதால் 1925இல் நின்றது. உணவு வேறு, கல்வி வேறு என்று கணக்குப் புத்தகம் பிரித்துப் பார்த்தது. பசித்த பிள்ளைக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாதே.

அடுத்தது 1956, எட்டயபுரம். பாரதி பிறந்த ஊரில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். இன்றைக்கு அதை ‘அரசுத் திட்டம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். தொடங்கியபோது அது பெருமளவு ஊர்க்காரர்களின் கொடை. அரசு மானியம் வந்த பிறகும் கணக்கு இப்படித்தான் இருந்தது: ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றால் அரசு ஆறு காசு, ஊர் நான்கு காசு. அந்த நான்கு காசை எல்லா ஊரும் காசாகத் தரவில்லை. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைத்த பிடியரிசிதான் பல ஊர்களில் பள்ளிக்குப் போனது. கூடவே கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர் கூடிப் பள்ளிக்குக் கூரை, பெஞ்சு, கரும்பலகை, பாத்திரம், சீருடைத் துணி என்று கொண்டுவந்து கொட்டியது.

இந்தப் பழக்கம் அடியோடு போய்விடவில்லை. இப்போதும் பல கிராமங்களில் ‘கல்விச் சீர்’ நடக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுபோவதைப் போலவே மேளதாளத்தோடு, தாம்பாளத்தில் பழமும் தேங்காயும் முன்னே போக, பின்னால் எவர்சில்வர் தட்டு, மின்விசிறி, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், பிளாஸ்டிக் நாற்காலி. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் கல்யாண வீட்டுக்குச் செய்கிற மரியாதையை ஒரு பள்ளிக்கூடத்துக்கும் செய்ய வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை எந்த அரசாணையும் உண்டாக்கிவிட முடியாது.

கொடையை நம்பிய ஏற்பாட்டுக்கு ஒரு குறை உண்டு. விளைச்சல் நன்றாக இருக்கும் ஊரில் பிள்ளைகள் சாப்பிடுவார்கள், மழை பொய்த்த ஊரில் பானை காயும். எந்த ஊரில் பசி அதிகமோ அந்த ஊரால்தான் நான்கு காசு தர முடியாது. 1961இலிருந்து ‘கேர்’ அமைப்பின் வழியாக வந்த அமெரிக்கப் பால்பவுடரும் எண்ணெயும் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தன. 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டம்தான் கணக்கையே மாற்றியது. செலவு முழுக்க அரசின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அந்த வேலைகளில் முன்னுரிமை. முதலில் கிராமம், அதே ஆண்டு செப்டம்பரில் நகரம், 1984இல் பதினைந்து வயது வரை. சோறு போட்டு ஓட்டு வாங்குகிறார் என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் நிறைய. கஜானா காலியாகிவிடும் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். 2001 நவம்பரில், சமைத்த உணவையே பள்ளிகளில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டபோது தமிழ்நாடு புதிதாகச் செய்ய வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

எங்கள் தலைமுறைக்குச் சத்துணவு என்றால் ஒரு வாசனை. அலுமினியத் தட்டில் சூடான சோறு விழுந்து, அதன்மேல் சாம்பார் விழும்போது எழும் ஆவியின் வாசனை. ஆயாம்மா கரண்டியின் அடிப்பக்கத்தால் சோற்றில் ஒரு குழி பறிப்பார், அந்தக் குழியில்தான் சாம்பார் நிற்கும். முட்டை அப்போது கனவு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தது. ஏறி ஏறி 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இன்றைக்கும் வேறு சில மாநிலங்களில் பள்ளியில் முட்டை கொடுக்கலாமா என்பதே பெரிய அரசியல். இங்கே ஆட்சிக்கு ஆட்சி முட்டையைக் கூட்டும் போட்டிதான் நடந்தது. போட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அரசு ஏற்றுக்கொண்டதில் வந்த நன்மை இது. இழப்பும் இருந்தது. ‘நம் பள்ளிச் சோறு’ மெல்ல ‘கவர்மெண்டு சோறு’ ஆனது. புழு இருந்தால் புகார் எழுதலாம், அவ்வளவுதான் ஊரின் வேலை. சமையலறை எந்த நிலையில் இருக்கிறது என்று போய்ப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போனது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளிச் சமையலறையின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறங்கின. ஆண்டாண்டாக அந்தக் கீற்றை எத்தனையோ பெற்றோர் கடந்து போயிருப்பார்கள். அதைக் கேட்க வேண்டியது தம் வேலை என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

காலை உணவுத் திட்டம் இந்த இரண்டையும் ஒட்டவைக்கப் பார்க்கிறது. காசு அரசுடையது, கை ஊருடையது. (மாநகராட்சிகளில் பொதுச் சமையற்கூடத்தில் சமைத்து வண்டியில் கொண்டுவருகிறார்கள். அங்கே இந்தக் கை இல்லை. ஆறிப்போன பொங்கலைப் பற்றிய முணுமுணுப்பு அங்கிருந்துதான் அதிகம் கேட்கிறது.) முதற்கட்டப் பள்ளிகளை மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்தபோது 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை கூடியிருந்தது. ஜூன் மாத வருகையையும் ஜனவரி மாத வருகையையும் ஒப்பிட்டால் எப்படியும் வித்தியாசம் வரும் என்று வாதிடலாம். ஆனால் எட்டு மணிக்கே வகுப்பு வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்த ஆசிரியர்களுக்கு அந்த வாதம் ஏறாது. காலை வெறும் டீயும் பன்னும் சாப்பிட்டு வந்து வழிபாட்டு வரிசையில் மயங்கி விழும் பிள்ளையை அவர்கள் ஆண்டுக்கு ஆண்டு தூக்கியவர்கள்.

‘ஊரின் கை’ என்று இவ்வளவு தடவை எழுதியாகிவிட்டது. அந்தச் சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். தமிழில் ‘ஊர்’ அப்பாவியான சொல் அல்ல. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்றுதான் நம் கிராமங்களின் வரைபடம் இன்னும் இருக்கிறது. ‘ஊர்க்காரங்க’ என்றால் யாரெல்லாம் அதில் சேர்த்தி என்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் அவிநாசிப் பக்கம், சத்துணவு சமைக்கும் பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக அவரை மாற்றச் சொல்லிப் பள்ளியைப் பூட்டிப் போராடினார்கள் பெற்றோர். 2023இல் காலை உணவு விரிவானதும் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் அதே எதிர்ப்பு, மாவட்ட ஆட்சியரே போய் அந்தப் பெண் சமைத்ததைச் சாப்பிட வேண்டியிருந்தது. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில் இன்னொரு பள்ளி. பிள்ளைகள் சாப்பிட மறுக்கிறார்கள் என்று செய்தி வந்து, நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் கிராமம் எங்கே இருக்கிறது தெரியுமா? எட்டயபுரத்துக்குப் பக்கத்தில். காமராஜர் முதல் கரண்டி போட்ட இடத்துக்குக் கூப்பிடு தூரம்.

எனவே சமூகப் பங்கேற்பு என்று பயிற்சி ஏடுகளில் பூசி மெழுகும்போது, எந்தச் சமூகம், யாருடைய பங்கு என்று கேட்டுவிடுவது நல்லது. கொடையை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பெண்களுக்கு அந்தச் சமையலறையில் இடமே கிடைத்திருக்காது. அரசாணை இருந்ததால் வேலை கிடைத்தது, வழக்குப் பாயும் என்ற பயத்தால் வேலை நிலைத்தது. ஒரே பந்தியில் உட்கார்ந்து, யார் சமைத்தது என்று கேட்காமல் சாப்பிடுவதும் ஒரு பிள்ளையின் மனநலத்தில் சேர்த்திதான். சமைத்தவரின் பிள்ளையும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது. தன் அம்மா தொட்டதைப் பக்கத்துப் பிள்ளை ஒதுக்கி வைக்கும்போது அந்தப் பிள்ளைக்குள் என்ன நடக்கும் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

சோற்றுக்கே இப்படி என்றால் மாத்திரைக்கு? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காடு, முந்தைய சுற்றில் இது 50.7. நூறு ஆண்டு சோறு போட்ட மாநிலத்தின் கணக்கு இது. வயிறு நிறைவது வேறு, இரத்தம் ஊறுவது வேறு. இதற்காகத்தான் ஆறாம் வகுப்பு முதல் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை, இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது.

அந்த நீல மாத்திரையின் பயணத்தை ஒரு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை சொன்னார். வகுப்பில் எல்லோரும் கையில் வாங்குவார்கள், வாயிலும் போடுவார்கள். சாயங்காலம் ஜன்னலுக்குப் பின்னால் செடிக்குள் பார்த்தால் நீலநீலமாகக் கிடக்கும். காரணங்கள் சாதாரணமானவை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மறுநாள் மலம் கறுப்பாகப் போகும், பிள்ளை பயந்து அம்மாவிடம் சொல்லும், “அந்தக் கருமத்தை இனிமே சாப்பிடாதே” என்று அம்மா சொல்லிவிடுவார். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வந்த வினை. அந்த ஆசிரியை செய்தது ரொம்பச் சின்ன காரியம். பெற்றோர் கூட்டத்தில் தாய்மார்களை மட்டும் தனியே உட்காரவைத்து, கறுப்பாகப் போகும், அது இரும்பின் நிறம், பயப்பட வேண்டாம் என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாத்திரை என்று நேரத்தை மாற்றினார். கூடவே டீ குடிக்கக் கூடாது, அது இரும்பை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் நன்றாகச் சேரும். கடைசியாக, பிள்ளைகள் முன்னால் தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். ஆசிரியர்களும் சேர்ந்து போடலாம் என்று திட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது, யார் அதையெல்லாம் புரட்டுகிறார்கள்? அந்த வகுப்பின் ஜன்னலுக்குப் பின்னால் இப்போது செடி மட்டும்தான்.

பூச்சி மாத்திரைக்கும் இதே கதை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் தருகிறார்கள். கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோல் வழியாக ஏறி, குடலில் தொங்கி இரத்தத்தைக் குடிக்கிற ஜந்து. பள்ளியில் கழிப்பறை இருந்தும் தண்ணீர் இல்லாமல் பிள்ளைகள் கருவேலங்காட்டுக்குப் போனால், அரசு தரும் விலையில்லாக் காலணியை வீட்டில் ‘விசேஷத்துக்கு’ என்று எடுத்து வைத்துவிட்டால், ஆறு மாதத்தில் புழு திரும்ப வந்துவிடும். மாத்திரை சுகாதாரத் துறை, காலணி கல்வித் துறை, தண்ணீர்த் தொட்டி ஊராட்சி. மூன்றும் சந்திக்கும் ஒரே இடம் அந்தப் பிள்ளையின் பாதம்தான்.

கண் பரிசோதனை பற்றி ஒரு வரி. ஆண்டுக்கு ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு வருகிறது, கண்ணாடி இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கிய பிள்ளை அதைப் பையை விட்டு எடுப்பதில்லை. ‘சோடாபுட்டி’ என்று கூப்பிடுவார்கள். அதற்கு மருந்து எழுதித்தர எந்த மருத்துவக் குழுவாலும் முடியாது, வகுப்பு ஆசிரியரால் முடியும்.

இதைவிடக் கனமான இடம் மனம். கல்வித் துறைக்கு 14417 என்ற உதவி எண் இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வரும் நாட்களில் 104இல் ஆலோசகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று பெட்டி வைத்தார்கள். பெரும்பாலும் அது தலைமையாசிரியர் அறைக்கு எதிரிலேயே தொங்கும். யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் பெட்டி தொங்கினால் அதில் தூசிதான் சேரும். எண்கள் தேவை, பெட்டியும் தேவை, மறுக்கவில்லை. ஆனால் அப்பா குடித்துவிட்டு வந்து அடித்த இரவுக்கு மறுநாள் காலையில் ஒரு பிள்ளையின் முகத்தை முதலில் பார்ப்பவர் உப்புமா பரிமாறும் பெண். யார் வீட்டில் நேற்று என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும், அதே தெரு. அவருக்கு அரை நாள் பயிற்சி கொடுத்து, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று காட்டிவிட்டால் போதும். இதுவரை அவருக்குக் கிடைத்த பயிற்சியெல்லாம் எடையும் சுத்தமும் செயலியும் பற்றியவை.

இவற்றையெல்லாம் கோக்க வேண்டிய நூல் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இருபது பேரோடு அது புதிதாக அமைந்தது. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து இருபத்துநாலு ஆனது. காகிதத்தில் இதைவிட நல்ல அமைப்பு இல்லை. நான் உட்கார்ந்து பார்த்த இரண்டு மூன்று கூட்டங்களில் பேச்சு முழுக்கச் சுற்றுச்சுவரையும் கூடுதல் வகுப்பறையையும் பற்றியே ஓடியது. சுவர் கண்ணுக்குத் தெரியும். ஹீமோகுளோபின் தெரியாது. கூட்டம் வேலை நாளில் பகலில் நடந்தால், நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 43 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களில் மதியச் சோறு ஆக்கிப்போடும் சத்துணவு ஊழியர்களே பல ஆண்டுகளாக முறையான காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள். ஊரின் கை என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணின் கை. கொண்டாட்டத்துக்கு நடுவே அதையும் கணக்கில் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

மானாமதுரைப் பக்கத்துப் பள்ளியில் பந்தி முடிந்தது. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அந்த அக்காவின் மகன் ஐந்தாம் வகுப்பு. அடுத்த ஜூனில் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் போய்விடுவான். அங்கே ஆறாம் வகுப்பு. மதியச் சோறு உண்டு, காலை உணவு கிடையாது. “அவன் போயிட்டா நானும் இறங்கிரணும் சார். இங்க என் பிள்ளை படிக்காதுல்ல” என்றார். அப்புறம் காலையில் மகனுக்கு என்ன என்று கேட்டேன். வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார்.

“அஞ்சரைக்கு எந்திரிச்சுப் பழகிருச்சு. வீட்டுலயே செய்ய வேண்டியதுதான். ரவை வாங்கணும்.”